விசுவாச அறிக்கை: வாயால் சொன்னால் போதுமா? தரங்கம்பாடியிலிருந்து பினாங்குவரை வந்த கேள்வி

ஜோர்ஜ்டவுன்: தைப்பூசக் காலத்தில் வெள்ளி ரதம் டத்தோ கிராமாட் சாலை வழியாகத் தண்ணீர்மலையை நோக்கிப் போகும். சாலையோரத்தில் கூடி நிற்கும் தமிழர்களில் கிறிஸ்தவர்களும் இருப்பார்கள். பக்கத்து வீட்டில் பால்குடம் எடுப்பார்கள், எதிர்வீட்டார் கத்தோலிக்கராக இருப்பார்கள், மாடி வீட்டார் மெத்தடிஸ்டாகவோ லுத்தரனாகவோ இருப்பார்கள். கிறிஸ்மஸ் பலகாரம் எல்லா வீட்டுக்கும் போகும். பேச்சுவாக்கில் ஒரு கேள்வியும் வந்துவிடும்: "எல்லாம் ஒரே இயேசுதானே, அப்புறம் எதுக்கு இத்தனை சபை?"

கேட்பவர் இந்துவாக இருந்தாலும் சரி, கிறிஸ்தவராகவே இருந்தாலும் சரி, இது நியாயமான கேள்விதான். பதில் தேடுவோர் 'விசுவாச அறிக்கை' என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சபை எதை நம்புகிறது, எதை நம்பவில்லை என்று எழுத்தில் சொல்லி, அதை ஒவ்வோர் உறுப்பினரும் தன் வாயால் சொல்லி ஏற்பதுதான் விசுவாச அறிக்கை. புரோட்டஸ்டண்ட் சபைகளில் இதற்கு இருக்கும் இடம் பெரியது. தமிழரிடையே இந்த அறிக்கை நடந்து வந்த பாதை, வெளியார் நினைப்பதைவிடச் சிக்கலானது.

அறிக்கை என்றால் என்ன?

அன்றாடத் தமிழில் அறிக்கை என்றால் அரசாங்கம் விடுவது, சங்கம் வெளியிடுவது. சபைத் தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. செய்த தவற்றை ஒப்புக்கொள்வது பாவ அறிக்கை. நம்புவதைப் பலர் அறியச் சொல்வது விசுவாச அறிக்கை. மனத்தில் நம்புவதும் வாயால் அறிக்கையிடுவதும் சேர்ந்தே வரவேண்டும் என்று பவுல் அப்போஸ்தலர் ரோமர் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார்.

தொடக்கக் காலச் சபையில் ஞானஸ்நானம் பெற வருகிறவரிடம் "இதை நம்புகிறாயா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பது வழக்கம். அந்தக் கேள்வி பதில்களிலிருந்து வளர்ந்ததுதான் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம். கி.பி. 325இல் நிக்கேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் வழியாக நிக்கேயா பிரமாணம் உருவானது. இவ்விரண்டையும் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், லுத்தரன், மெத்தடிஸ்ட் எல்லாரும் ஏற்கின்றனர். ஆகவே, "ஒரே இயேசுதானே" என்று கேட்பவர் பாதி சரியாகத்தான் கேட்கிறார்.

1517க்குப் பிறகு வந்த பிரிவு

மீதிப் பாதி 16ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கும் சீட்டுகள் பணத்துக்கு விற்கப்பட்டதை எதிர்த்து, 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் 95 கருத்துரைகளை வெளியிட்டார். மன்னிப்புக்கு விலை உண்டா என்பதே அவர் எழுப்பிய கேள்வியின் அடிப்படை.

13 ஆண்டுகள் கழித்து, 1530 ஜூன் 25ஆம் தேதி, லூத்தரைப் பின்பற்றியோர் 28 பகுதிகள் கொண்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையைப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் வாசித்தனர். அதில் கையெழுத்திட்டவர்கள் குருமார்கள் அல்லர். சிற்றரசர்களும் நகர மன்றங்களும்தான் கையெழுத்திட்டனர். நம்பிக்கைக்குப் பொறுப்பேற்பது குருமாரின் வேலை மட்டுமல்ல என்ற எண்ணம் அங்கேயே தெரிகிறது.

அதன் பிறகு ஒவ்வொரு மரபும் தன் அறிக்கையை எழுதிக்கொண்டது. சீர்திருத்தச் சபைகளுக்கு 1563இல் ஹைடல்பர்க் ஞானோபதேசம் வந்தது. ஆங்கிலிக்கர்களின் 39 விதிகள் 1571இல் இறுதி வடிவம் பெற்றன. அவற்றை ஜான் வெஸ்லி 1784இல் அமெரிக்க மெத்தடிஸ்டுகளுக்காக 24ஆகச் சுருக்கினார். அங்கே ஒன்று சேர்ந்து 25 ஆயிற்று.

இவற்றின் சாரத்தைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். உபதேசத்துக்கு இறுதி அளவுகோல் வேதாகமம். மனிதன் கடவுள்முன் நீதிமானாவது அவன் சேர்த்த புண்ணியத்தால் அல்ல, கிருபையால். அந்தக் கிருபையைப் பெற்றுக்கொள்ளும் கை விசுவாசம். நடுவில் நிற்பவர் கிறிஸ்து ஒருவரே. நற்செயல் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நற்செயல் இரட்சிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல, அதிலிருந்து காய்க்கும் கனி என்பதே போதனை.

இந்தப் பிரிவு இன்று பகையாக இல்லை. 1999 அக்டோபர் 31ஆம் தேதி, அதே ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் இந்தக் கிருபைக் கோட்பாட்டின் அடிப்படைகளில் உடன்பாடு கண்டு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. உலக மெத்தடிஸ்ட் பேரவை 2006இல் அதில் இணைந்தது. வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் பினாங்கில் ஒரே குடும்பத்தில் கத்தோலிக்கரும் மெத்தடிஸ்டும் இருந்தால், அவர்கள் ஒருவரை ஒருவர் வேற்று மதத்தவராக எண்ண வேண்டிய அவசியம் இல்லை.

தமிழில் வந்த ஞானோபதேசம்

தமிழரிடம் இந்த அறிக்கை 1706 ஜூலையில் வந்தது. டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரு ஜெர்மன் போதகர்கள் அப்போது தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். 1708இன் இறுதியில் டேனிஷ் ஆளுநரோடு ஏற்பட்ட மோதலில் நான்கு மாதம் சிறையில் இருந்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாகி முடிந்தது.

ஞானோபதேசம் என்பது கேள்வி பதில் வடிவில் அமைந்த சிறு பாடநூல். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவையே அதன் முக்கியப் பகுதிகள். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அதன் பொருளைக் கேட்கும். மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது, விளக்கவும் தெரிய வேண்டும்.

அச்சுப் புத்தகம் வந்ததும் ஒரு பெரிய மாற்றம் வந்தது. போதிக்கிறவர் சொல்வது சரியா என்று சாதாரண மனிதர் தாமே படித்துச் சரிபார்க்க முடிந்தது. அப்படிச் சரிபார்த்தவர்களில் ஒருவர் தஞ்சாவூர்ப் படையில் இருந்த ராஜநாயக்கன்.

ராஜநாயக்கன் கதை

ராஜநாயக்கன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்தி நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்துப் படித்து 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்தார். பிறகு படை வேலையை விட்டு உபதேசியாரானார். தஞ்சைப் பகுதியில் எதிர்ப்புகளுக்கு நடுவே ஊழியம் செய்தார்.

1733இல் தமிழர் ஒருவரைப் போதகராக அபிஷேகம் செய்யும் நேரம் வந்தபோது அவருடைய பெயரும் பேசப்பட்டது. தகுதியில் குறை இல்லை. ஆனால், அவர் பறையர் சமூகத்தவர். அவர் கையால் திருவிருந்தை வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் முன்வரமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினர். கடலூர் வணிகக் குடும்பத்தில் பிறந்த வேளாளரான ஆரோன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1733 டிசம்பர் 28ஆம் தேதி அவர் முதல் தமிழ்ப் புரோட்டஸ்டண்ட் போதகரானார். ஆரோனும் உழைத்தவர், மதிக்கத்தக்கவர். ராஜநாயக்கனோ கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

அந்தச் சபையில் எல்லாரும் ஒரே பிரமாணத்தைத்தான் சொன்னார்கள். கிருபை எல்லாருக்கும் ஒன்றே என்றுதான் போதித்தார்கள். ஆனால் அப்பமும் பாத்திரமும் யார் கையிலிருந்து வரலாம் என்று முடிவு செய்தது சாதி. உபதேசம் எழுத்தில் சரியாக இருந்தது, அதே உபதேசம் மேசையருகே தோற்றது.

தஞ்சாவூர்ச் சண்டை: எது உபதேசம், எது வழக்கம்?

நூறு ஆண்டுகள் கழித்து அதே பிரச்சினை தஞ்சாவூரில் வெடித்தது. அதன் நடுவில் நின்றவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). பாளையங்கோட்டையில் பிறந்து, தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரோடு படித்தவர். அவருடைய கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன.

1820களில் வந்த புதிய மிஷனரிகள் பல மாற்றங்களைக் கொண்டுவந்தனர். பழகிய பப்ரிசியஸ் வேதாகமத் தமிழைத் திருத்த முற்பட்டனர். வழிபாட்டில் தமிழிசையைத் தடுத்தனர். பூ அலங்காரம் கூடாது என்றனர். திருவிருந்திலும் ஆலயத்திலும் சாதி பார்க்காமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்றனர். சாஸ்திரியார் நான்கையும் எதிர்த்து எழுதினார். அதனால் மிஷன் வேலையையும் இழந்தார்.

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றுக்கடிதம் அனுப்பினார். பலர் மிஷன் சபையை விட்டு வெளியேறினர். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னாளில் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த லுத்தரன் சபைக்குப் போனார்கள். அந்த மிஷன் சாதியைச் சமூக வழக்கமாகக் கருதி, கட்டாயப்படுத்தாமல் காலப்போக்கில் அது மறையட்டும் என்று விட்டது.

இந்த வழக்கை எப்படித் தீர்ப்பது? ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 7ஆவது பகுதி ஓர் அளவுகோல் தருகிறது. நற்செய்தியிலும் திருச்சடங்குகளிலும் உடன்பாடு இருந்தால் சபையின் ஒருமைக்குப் போதும். மனிதர் ஏற்படுத்திய சடங்கு முறைகள் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை.

அந்த அளவுகோலை வைத்தால் மிஷனரிகளும் தோற்கிறார்கள், சாஸ்திரியாரும் தோற்கிறார். பூவும் தமிழிசையும் வழக்கம் சார்ந்தவை. அவற்றைத் தடுக்க மிஷனரிகளுக்கு உபதேசக் காரணம் எதுவும் இல்லை. அதில் சாஸ்திரியார் பக்கமே நியாயம். ஆனால் திருவிருந்தில் வரிசை பிரிப்பது வெறும் வழக்கம் அல்ல. எல்லாரும் ஒரே கிருபையால் வந்தவர்கள் என்ற உபதேசத்தையே அது மறுக்கிறது. அதில் சாஸ்திரியாரின் வாதம் நிற்காது. நல்ல உபதேசம் என்பது எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பதும் அல்ல, எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதும் அல்ல. எது அடிப்படை, எது வழக்கம் என்று பிரித்தறிவதே அதன் முதல் வேலை.

பினாங்குக்கு வந்தபோது

வில்சனின் அதிகாரம் தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. பினாங்கும் அப்போது கல்கத்தாப் பேராயத்தின்கீழ்தான் இருந்தது. பர்குவார் தெருவில் இருக்கும் செயின்ட் ஜோர்ஜ் ஆலயம் கைதிகளின் உழைப்பைக் கொண்டு கட்டப்பட்டு 1818இல் முடிந்தது. மறு ஆண்டு அதைப் பிரதிஷ்டை செய்தவர் முதல் கல்கத்தாப் பேராயரான மிடில்டன். சாதியை விடச் சொன்ன வில்சன், அந்தப் பதவியில் பின்னாளில் அமர்ந்தவர்.

கரும்புத் தோட்டத்துக்கும் பிறகு ரப்பர் தோட்டத்துக்கும் வந்த தமிழர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாக்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் வந்தவர்களில் பலர் அங்கேயே மிஷன் பள்ளியில் படித்தவர்கள். மெத்தடிஸ்டுகள் 1885இல் சிங்கப்பூரிலும் 1891இல் பினாங்கிலும் பணியைத் தொடங்கினர். தமிழ் லுத்தரன்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து போதகர்கள் வந்தனர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சீயோன் ஆலயம் 1924இல் எழுந்தது. மெத்தடிஸ்ட் திருச்சபையில் தமிழ்ச் சபைகளுக்கென்று தனி ஆண்டு மாநாடே இருக்கிறது.

கங்காணி முறையில் ஆட்கள் ஊர் ஊராக, உறவு உறவாக வந்தார்கள். ஞானோபதேசமும் பாட்டுப் புத்தகமும் வந்த கப்பலில் சாதியும் வந்தது. இன்று மலேசியாவின் தமிழ்ச் சபைகளில் திருவிருந்துக்குச் சாதி வரிசை கிடையாது. ஆனால் கல்யாணப் பேச்சு எழும்போது "நம்ம ஆளுங்களா?" என்ற கேள்வி கிறிஸ்தவ வீடுகளிலும் முற்றாக மறையவில்லை. ஞாயிறு காலையில் ஒரே பாத்திரத்தில் பங்கெடுத்துவிட்டு மாலையில் அந்தக் கேள்வியைக் கேட்கும் வீட்டில் ராஜநாயக்கனின் வழக்கு இன்னும் தீரவில்லை.

வழக்கம் சார்ந்த கேள்விகளும் தொடர்கின்றன. பொட்டு வைக்கலாமா, தாலி கட்டலாமா, பொங்கல் வைக்கலாமா, துக்க வீட்டில் மாலை போடலாமா என்று சபைக்குச் சபை, வீட்டுக்கு வீடு பதில் மாறும். தஞ்சாவூர்ச் சண்டை சொல்லித்தரும் அளவுகோலை இங்கும் வைக்கலாம். இது நற்செய்தியை மறுக்கிறதா, இல்லை தமிழர் வாழ்க்கையின் ஒரு பழக்கமா? இப்படிக் கேட்டால் பாதிச் சண்டை குறையும்.

பணம் கேட்கும் ஜெபம்

1517இல் எழுந்த கேள்வி இன்று வேறு உருவில் வருகிறது. இவ்வளவு காணிக்கை வைத்தால் இத்தனை மடங்கு திரும்பி வரும், இந்த எண்ணெயை வாங்கினால் நோய் தீரும், பணம் அனுப்பினால் பெயர் சொல்லி ஜெபிப்போம் என்ற அழைப்புகள் கைப்பேசிக்கே வருகின்றன. கடனில் இருப்பவர், வேலை இழந்தவர், வீட்டில் தீராத நோயாளி இருப்பவர் ஆகியோர்தான் முதலில் சிக்குகிறார்கள். பலன் கிடைக்காவிட்டால் "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று பழியும் அவர்கள்மேலேயே விழுகிறது.

நோயாளிக்காக ஜெபிப்பது எல்லாச் சபைகளிலும் உண்டு. அதில் தவறில்லை. காணிக்கை கொடுப்பதும் உண்டு. ஆனால் காணிக்கை நன்றியாகக் கொடுப்பது, முதலீடு அல்ல. கிருபை இலவசம் என்று அறிக்கையிட்ட சபை அதற்கு விலைச்சீட்டு ஒட்ட முடியாது. ஞானோபதேசத்தைப் புரிந்து படித்தவர் ஒரு போதகரைப் பார்த்து நான்கு கேள்விகள் கேட்கலாம்:

* சொல்வதற்கு வேதாகமத்தில் முழு அதிகாரத்தையும் படித்துக் காட்டுகிறாரா, ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுக்கிறாரா?
* பேச்சின் நடுவில் கிறிஸ்து இருக்கிறாரா, பேசுகிறவர் இருக்கிறாரா?
* பணம் இல்லாதவருக்கும் அதே ஜெபம், அதே மரியாதை கிடைக்கிறதா?
* கணக்கு கேட்க ஒரு குழு, தவறினால் கண்டிக்க ஒரு மேலமைப்பு அவருக்கு உண்டா?

மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்தப் போதனைக்கும் மேலே சொன்ன எந்த விசுவாச அறிக்கையிலும் இடம் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் விசுவாசத்தை அறிக்கையிடுவது சட்டத்தோடும் தொடர்புடையது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 3ஆவது விதி இஸ்லாமைக் கூட்டரசின் சமயமாகக் குறிப்பிட்டு, மற்றச் சமயங்களை அமைதியாகக் கடைப்பிடிக்கலாம் என்கிறது. 11ஆவது விதி ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தை அறிக்கையிடவும் கடைப்பிடிக்கவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தவும் அதே விதி இடம் தருகிறது. 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்ய வேண்டும் என்பது 12ஆவது விதி. வேறு சமயக் குடும்பத்துப் பிள்ளை நண்பர்களோடு சபைக்கு வந்து ஞானஸ்நானம் கேட்டால், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் கொடுப்பது முறையல்ல.

பிள்ளைகள் எந்த மொழியில் சொல்வார்கள்?

திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு இன்று தமிழ் பேச வரும், படிக்க வராது. விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் ஒப்பிப்பார்கள். 'பொதுவான சபை' என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உள்ள கிறிஸ்தவர்களின் ஒரே சபை என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் அதே இடத்தில் 'கத்தோலிக்' என்ற சொல்லைப் பார்த்ததும், தாங்கள் ரோமன் கத்தோலிக்கரா என்று குழம்புவார்கள்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 1528இல் சாக்சனி ஊர்ச் சபைகளைச் சுற்றிப் பார்த்த லூத்தரும் இதே நிலையைத்தான் கண்டார். பிரமாணமும் கட்டளைகளும் தெரியாத மக்கள், அவற்றைக் கற்பிக்கத் தெரியாத குருமார். அதன் பிறகே 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதை ஆலயத்துக்காக மட்டும் எழுதவில்லை. வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்கவே எழுதினார்.

டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டிலும் செபராங் பிறை தோட்டத்து வீட்டிலும் அது இன்றும் முடியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வரி, அதற்கு ஒரு கேள்வி. தாத்தா தமிழில் சொல்லலாம், பேத்தி ஆங்கிலத்திலோ மலாயிலோ திருப்பிச் சொல்லலாம். அவள் தன் சொல்லில் விளக்கிவிட்டால் அந்த வரி அவளுடையதாகிவிடும். பிறகு காணிக்கைக்குப் பலன் பேசும் போதகரிடமும், மாப்பிள்ளையின் சாதியைக் கேட்கும் உறவினரிடமும் அதே வரியைக் காட்டி, "நீங்க சபையில சொன்னது இது இல்லையே?" என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரும்.